மரமேறுவோர்க்குக் காப்புக் கயிறு: வீட்டிற் செய்துகொள்ளும் முறை

நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரருக்கு மரமேறுந் தொழிலைப் பற்றி ஏன் கூறவேண்டும் எனச் சிலர் எண்ணுதல் கூடும். ஆயினும் வயலோரத்திலும் வீட்டு வளவிலும் தென்னை, பனை, பலா, மா ஆகியவற்றுள் ஒன்றேனும் நில்லாத கமம் அரிது. மரக்கறிப் பாத்திக்கு நிழல் விழுத்தும் கிளையைத் தறிக்க வேண்டும். தேங்காய் பறிக்க வேண்டும். கூரைமேற் சாய்ந்த பட்டையை இறக்க வேண்டும். முன்னர் இவ்வேலைகளுக்கென ஊரிற் பழகிய ஆட்கள் இருந்தனர். இன்று அத்தகையோர் அருகி வருகின்றனர். ஆகவே கமக்காரர் தாமே ஏறுகின்றனர். அல்லது பழக்கங் குறைந்த இளைஞர் ஒருவரை ஏற்றுகின்றனர். பயிர் ஓய்ந்த காலத்திற் கொழும்புக்குச் சென்று, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களிலுள்ள வீட்டு வளவுகளில் மரம் தறித்துக் கூலி பெறுவோரும் உளர். அங்கே மரத்தின் கீழே மெத்தென்ற மண் இல்லை. மதிலும், சீமெந்துத் தரையும், தகரக் கூரையும், மின்கம்பியுமே உள்ளன.

60 அடி உயரமான தென்னையிலிருந்து வழுவி வீழ்பவர் இரண்டு விநாடிக்குள் நிலத்தை அடைகின்றார். அப்பொழுது அவரது வேகம் மணிக்கு ஏறத்தாழ 68 கிலோமீற்றர். 20 அடியிலிருந்து வீழ்ந்தாலும் வேகம் மணிக்கு 39 கிலோமீற்றர் வரை ஆகும். வீழ்ந்தவர் உயிர் தப்பினும் முள்ளந்தண்டு முறிந்து, நடக்கவியலாது படுக்கையிற் கிடக்க நேரிடலாம். உழைப்பாளி ஒருவர் வீழ்ந்தால் அக்குடும்பத்தின் வயலும் தரிசாகும் என்பதைக் கூறத் தேவையில்லை.

இப்பிரசுரம் மரத்திலே நின்று வேலை செய்பவரை மரத்தோடு பிணைத்து வைக்கும் காப்புக் கயிற்றைச் செய்யும் முறையையும், அதனைச் சோதிக்கும் முறையையும், பேணும் முறையையும் விளக்குகின்றது. எதனை வீட்டிற் செய்யலாம், எதனைக் கட்டாயமாக விலைக்கு வாங்க வேண்டும் என்பதையும் அறிந்துகொள்க.

பழைய முறைகள்

நம் நாட்டில் மரமேறுவோர் கயிற்றைப் புதிதாகக் கண்டவர் அல்லர். யாழ்ப்பாணத்திலே பனையேறும் சீவல் தொழிலாளர் இரு பாதங்களையும் பிணைக்கும் தளைநாரைக் கொண்டு மரத்தைக் கவ்வி ஏறுவர். களுத்துறை, வாதுவை, பயாகலை ஆகிய தென்மேற்குக் கரையோரப் பகுதிகளிற் கள்ளிறக்குவோர் தென்னைக்குத் தென்னை இரண்டு தும்புக் கயிறுகளைக் கட்டி, கீழ்க் கயிற்றிற் கால் வைத்து, மேற் கயிற்றைக் கையாற் பற்றி, ஒரு மரத்திலிருந்து மற்றொரு மரத்துக்குச் செல்வர். இம்முறையால் ஒவ்வொரு மரத்திலும் ஏறி இறங்கும் உழைப்பு மிச்சமாகின்றது.

இவை யாவும் திறமையான முறைகளே. ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். தளைநார் ஏறுவதற்கு உதவுகின்றதேயன்றி வீழ்பவரைத் தாங்குவதில்லை. கரையோரத்துக் கயிற்றுப் பாலமும் நடப்பதற்கு உதவுகின்றதேயன்றி, கை தவறியவரைப் பிடித்து வைப்பதில்லை. ஏறும் கருவி வேறு, காக்கும் கருவி வேறு. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளாமையே பல விபத்துக்களுக்குக் காரணம்.

அயலிலுள்ள கேரளத்திலும் தேங்காய் பறிப்போர் குறைந்தமையால், இந்தியத் தென்னை அபிவிருத்திச் சபை 2011 ஆம் ஆண்டு ‘தென்னையின் நண்பர்கள்’ என்னும் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஏறும் பொறியைக் கையாளும் பயிற்சியோடு விபத்துக் காப்புறுதியும் அதில் இடம்பெற்றது. பொறியைக் கொண்டு ஏறினாலும் உடலை மரத்தோடு பிணைக்கும் பட்டி வேண்டும் என்பதே அத்தகைய பயிற்சிகளிற் பெற்ற படிப்பினை.

காப்புக் கயிறு எவ்வாறு காக்கின்றது?

காப்புக் கயிற்றின் வேலை வீழ்ந்தபின் பிடிப்பதன்று, வீழாமல் வைத்திருப்பதே. கயிறு எப்பொழுதும் இறுக்கமாக இருத்தல் வேண்டும். தளர்வு இரண்டு அடியை, அதாவது 60 சென்றிமீற்றரை, ஒருபோதும் மிஞ்சலாகாது.

இதன் காரணத்தை ஒரு கணக்கினால் விளங்கிக்கொள்ளலாம். 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் 15 சென்றிமீற்றர் தளர்வில் வழுவி, கயிறும் பட்டியும் இழுபட்டு மேலும் 15 சென்றிமீற்றருக்குள் நின்றால், கயிற்றின்மேல் விழும் சராசரிப் பாரம் 120 கிலோகிராம் அளவாகும். அதே மனிதர் ஒன்றரை மீற்றர் தளர்வில் வீழ்ந்து அதே 15 சென்றிமீற்றருக்குள் நின்றால், பாரம் 660 கிலோகிராம் ஆகும். ஒரு கணத்தில் விழும் உச்சப் பாரம் இதனினும் கூடும். கயிறு தாங்கினும் இடுப்பெலும்பு தாங்காது. ஆகவே நீண்ட கயிறு கட்டி, ‘விழுந்தாற் பிடிக்கும்’ என்றிருப்பது பெருந்தவறு.

எந்தக் கயிறு ஏற்றது?

தும்புக் கயிறு: நம் நாட்டில் எங்கும் கிடைப்பது, உப்பு நீரைத் தாங்குவது, மாடு கட்டவும் பந்தல் போடவும் சிறந்தது. ஆனால் மனித உயிரைத் தொங்கவிடுவதற்கு ஏற்றதன்று. அதன் வலிமை அதே பருமனுள்ள மணிலாக் கயிற்றின் காற்பங்கு அளவே. உள்ளே உக்கினாலும் வெளியே நன்றாகவே தோன்றும்.

மணிலாக் கயிறு: 12 மில்லிமீற்றர் பருமனுள்ள புதிய கயிறு ஏறத்தாழ ஒரு தொன் பாரத்தில் அறும். ஈரத்தில் உக்குவதால் இதுவும் காப்புக் கயிற்றுக்கு ஏற்றதன்று.

பொலிபுரொப்பிலீன் கயிறு: நீலம், பச்சை, செம்மஞ்சள் நிறங்களில் மலிவாக விற்கப்படும் பிளாஸ்ரிக் கயிறு இதுவே. கடைக்காரரும் வாங்குவோரும் இதனை ‘நைலோன் கயிறு’ என்றே வழங்குவர். ஆனால் இது நைலோன் அன்று. வெயிலில் விரைவில் நொய்ந்து தூளாகும். உராய்வின் சூட்டில் எளிதில் உருகும். இதனை விலக்குக.

நைலோனும் பொலியெஸ்தரும்: இவ்விரண்டுமே ஏற்றவை. 12 மில்லிமீற்றர் பருமனுள்ள புதிய நைலோன் கயிறு இரண்டரைத் தொன்னுக்கு மேற்பட்ட பாரத்தைத் தாங்கும். நனைந்தால் அதன் வலிமை பத்தில் ஒரு பங்கு அளவு குறையும். பொலியெஸ்தர் நனைந்தாலும் வலிமை குன்றாது, நீளுவதும் குறைவு.

பிளாஸ்ரிக் கயிற்றையும் நைலோனையும் வேறுபடுத்தி அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, புரி பிரித்து, தண்ணீருள்ள கோப்பையில் இட்டுக் காற்றுக்குமிழி நீங்க விரலாற் பிசைக. பொலிபுரொப்பிலீன் நீரிலும் இலேசானதாகையால் மிதக்கும். நைலோனும் பொலியெஸ்தரும் அமிழும். மிதக்கும் கயிற்றை எவர் எப்பெயரிட்டு விற்றாலும் வாங்கற்க.

கப்பலிற் பயன்பட்டுக் கழித்த கயிறு மலிவாகக் கிடைப்பதுண்டு. துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனையில் வேலைக்குச் செல்வோர்க்கு இவ்வாசை எழுதல் இயல்பு. அக்கயிறு எவ்வளவு பாரத்தைக் கண்டது, எந்த எண்ணெயிற் கிடந்தது என்பதை எவரும் அறியார். உயிர்க் காப்புக்குப் புதிய கயிறே வேண்டும்.

வாங்க வேண்டியவை

ஒருவர்க்கு இரண்டு காப்புக் கயிறுகள் தேவை. அவற்றுக்கு வேண்டிய பொருள்கள் வருமாறு:

1. 12 மில்லிமீற்றர் பருமனுள்ள, முப்புரி முறுக்குடைய நைலோன் அல்லது பொலியெஸ்தர் கயிறு: 10 மீற்றர்.

2. 8 மில்லிமீற்றர் பருமனுள்ள, மலையேறுவோர் பயன்படுத்தும் நைலோன் சிறுகயிறு: 3 மீற்றர்.

3. ‘திம்பிள்’ எனப்படும் தவாளிப்புள்ள உருக்கு வளையம், 12 மில்லிமீற்றர்க் கயிற்றுக்கு ஏற்ற அளவில்: 2.

4. ‘கரபினர்’ எனப்படும் பூட்டுக் கொளுக்கி: 4. கதவு தானாகவோ திருகியோ பூட்டப்படல் வேண்டும். உடலிற் பொறித்துள்ள வலிமை இலக்கம் 22 கிலோநியூற்றன் அல்லது அதற்கு மேற்பட்டிருத்தல் வேண்டும். இது ஏறத்தாழ 2,240 கிலோகிராம் பாரத்துக்குச் சமம்.

5. தொடை, இடுப்பு, தோள் ஆகியவற்றைத் தாங்கும் முழுவுடற் பட்டி: 1. இடுப்பின் இரு பக்கங்களிலும் கயிறு கொளுவும் உருக்கு வளையங்கள் இருத்தல் வேண்டும்.

பட்டியையும் கொளுக்கியையும் வீட்டிற் செய்ய முயலற்க. நாய்ச் சங்கிலிக் கொளுக்கி, சாவி வளையம், கொல்லன் வளைத்த ‘எஸ்’ கொளுக்கி, பழைய வாகனத்தின் இருக்கைப் பட்டி ஆகிய எவையும் இதற்கு உதவா. வெறும் இடுப்புப் பட்டியை மட்டும் அணிந்து உயரத்தில் வேலை செய்வதும் தக்கதன்று. வீழ்ந்தவர் இடுப்பிலே தொங்கினால் மூச்சுத் திணறும், உள்ளுறுப்புக்கள் நசியும். ஐக்கிய அமெரிக்காவில் வீழ்பவரைத் தாங்குவதற்கு இடுப்புப் பட்டியைப் பயன்படுத்துதல் 1998 சனவரி முதலாந் தேதி தொடக்கம் விலக்கப்பட்டது.

செய்முறை 1: கண்ணி பின்னுதல்

கயிற்றின் நுனியில் முடிச்சுப் போட்டுக் கண்ணி செய்வதே பலரின் வழக்கம். ஆனால் முடிச்சு, கயிற்றின் வலிமையில் மூன்றில் ஒரு பங்கையும், சில வேளைகளில் பாதியையும் குறைத்துவிடும். புரியைப் பிரித்துக் கயிற்றினுள்ளேயே செருகிப் பின்னிய கண்ணியில் வலிமை பத்தில் ஒரு பங்கு அளவே குறையும். ஆகவே பின்னற் கண்ணியே சிறந்தது.

(அ) 10 மீற்றர்க் கயிற்றை இரண்டு சம துண்டுகளாக வெட்டுக. வெட்டுமுன் வெட்டுமிடத்தின் இரு பக்கமும் ஒட்டுநாடா சுற்றுக. வெட்டிய நுனிகளைச் சுடரிற் காட்டி உருக்கி அடைக்க. உருகிய நைலோனை விரலாற் தொடற்க.

(ஆ) நுனியிலிருந்து 30 சென்றிமீற்றர் அளந்து, அவ்விடத்தில் நூலால் இறுகக் கட்டுக. அதுவரை மூன்று புரிகளையும் பிரித்து, ஒவ்வொரு புரியின் நுனியையும் ஒட்டுநாடாவினாற் கூராகச் சுற்றுக.

(இ) கயிற்றைத் திம்பிள் வளையத்தின் தவாளிப்பிற் பொருத்தி வளைத்து, நூல் கட்டிய இடம் நெடுங்கயிற்றின்மேற் படியுமாறு வைக்க.

(ஈ) நடுப்புரியை எடுத்து, நெடுங்கயிற்றின் ஒரு புரியின் கீழே, முறுக்குக்கு எதிராக, வலமிருந்து இடமாகச் செருகுக. அதன் இடப்பக்கத்துப் புரியை நெடுங்கயிற்றின் இடப்பக்கத்து அடுத்த புரியின் கீழே செருகுக. பின்னர் கண்ணியை மறுபுறந் திருப்பி, எஞ்சிய புரியை நெடுங்கயிற்றின் எஞ்சிய புரியின் கீழே, அதே வலமிருந்து இடமாகச் செருகுக. மூன்று புரிகளும் மூன்று வேறு இடைவெளிகளிலிருந்து வெளிவருதல் வேண்டும். ஒரே இடைவெளியிலிருந்து இரண்டு புரிகள் வெளிவந்தாற் பிழை. பிரித்து மீண்டும் செய்க.

(உ) மூன்று புரிகளையும் சமமாக இழுத்து இறுக்குக. இது ஒரு சுற்று. இனி ஒவ்வொரு புரியையும் ஒரு புரியின் மேலாகவும் அடுத்த புரியின் கீழாகவும் செருகி மேலும் நான்கு சுற்றுக்கள் பின்னுக. இயற்கை நாருக்கு மூன்று சுற்றுப் போதும் என்பர். நைலோன் வழுவழுப்பானதாகையால் ஐந்து சுற்றுக்குக் குறைதல் ஆகாது.

(ஊ) பின்னலைக் கைகளுக்கிடையே உருட்டிச் சமப்படுத்துக. எஞ்சிய நுனிகளைக் கயிற்றின் பருமனளவேனும் விட்டு வெட்டி, உருக்கி அடைத்து, அவ்விடத்தை நூலாற் சுற்றிக் கட்டுக. பின்னலின்மேல் முழுவதும் துணியோ இறப்பரோ சுற்றி மறைக்கற்க; மறைத்தாற் பழுதைக் காண இயலாது.

கயிற்றின் மற்ற நுனியில் எட்டு வடிவ முடிச்சொன்றை இட்டு இறுக்குக. பிடிமுடிச்சு நுனிவரை வழுக்கிக் கழன்றுவிடாமல் இது தடுக்கும். இவ்வாறு முடிந்த கயிறு ஏறத்தாழ 4 மீற்றர் நீளமாயிருக்கும்.

செய்முறை 2: பிடிமுடிச்சு

கயிற்றின் நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் பிடிமுடிச்சு வேண்டும். பாரம் இல்லாதபொழுது இது கயிற்றில் வழுக்கிச் செல்லும்; பாரம் விழுந்ததும் இறுகப் பற்றும். ஒஸ்திரிய நாட்டு மலையேறியாகிய கார்ல் புரூசிக் என்பவர் 1931 ஆம் ஆண்டில் இதனை விளக்கியமையால் இது புரூசிக் முடிச்சு எனப்படுகின்றது.

(அ) 8 மில்லிமீற்றர்ச் சிறுகயிற்றில் ஒன்றரை மீற்றர் வெட்டி, இரு நுனிகளையும் உருக்கி அடைக்க.

(ஆ) நுனிகளை எதிரெதிராக அருகருகே வைத்து, ஒரு நுனியை மற்றக் கயிற்றின்மேல் இருமுறை சுற்றி, அச்சுற்றுக்களினூடே செலுத்தி இறுக்குக. மற்ற நுனியையும் அவ்வாறே செய்க. இரண்டு முடிச்சுக்களும் ஒன்றோடொன்று முட்டி நிற்குமாறு இழுக்க. இதனை மீனவர் இரட்டை முடிச்சு என்பர். முடிச்சுக்கு வெளியே 8 சென்றிமீற்றர் நுனியேனும் எஞ்சியிருத்தல் வேண்டும். இப்பொழுது ஒரு வளையம் கிடைக்கும்.

(இ) அவ்வளையத்தைப் பெருங்கயிற்றின் பின்னே வைத்து, வளையத்தின் ஒரு முனையை மறு முனையினூடே மூன்று முறை சுற்றி எடுக்க. பெருங்கயிற்றின்மேல் ஆறு சுற்றுக்கள் தெரிதல் வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக அமைதல் வேண்டும். இணைப்பு முடிச்சு, சுற்றுக்களுக்குள்ளும் கொளுக்கி வளைவிலும் படாமல் இடையே நிற்க வேண்டும்.

(ஈ) வளையத்தின் வெளிமுனையிற் கொளுக்கி ஒன்றை மாட்டுக. திம்பிள் கண்ணியில் மற்றக் கொளுக்கியை மாட்டுக.

இப்பொழுது ஒரு காப்புக் கயிறு ஆயத்தம். இரண்டாவதையும் இவ்வாறே செய்க. செய்த மாதத்தையும் ஆண்டையும் சிறு துணித் துண்டில் எழுதி, கண்ணிக்கு அருகே தைத்து வைக்க.

சோதித்தல்

முதற் சோதனை மரத்தின் உச்சியிலன்று, அடியிலேயே நடைபெறல் வேண்டும். பட்டியை அணிந்து, கயிற்றை மரத்தைச் சுற்றிப் போட்டு, கண்ணிக் கொளுக்கியை ஒரு பக்க வளையத்திலும் பிடிமுடிச்சுக் கொளுக்கியை மறு பக்க வளையத்திலும் மாட்டுக. கால்கள் நிலத்திலிருந்து ஒரு முழத்துக்கு மேற்படாத உயரத்தில் நின்று, கத்தி முதலிய கருவிகளோடு உடல் நிறை முழுவதையும் கயிற்றிற் சாய்த்து ஐந்து நிமிடம் இருக்க. பின்னர் இறங்கிப் பார்க்க. பிடிமுடிச்சு வழுக்கியிருந்தால் சுற்றுக்களை ஒழுங்குபடுத்துக. வேண்டின் இன்னுமொரு முறை சுற்றுக. பின்னல் இளகியிருந்தால் அக்கயிற்றை விலக்கிப் புதிதாகப் பின்னுக.

இச்சோதனை செய்முறையிலுள்ள பிழையைக் காட்டுமேயன்றி, கயிறு எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பதைக் காட்டாது. வலிமைக்கு உத்தரவாதம் நல்ல கயிறும், ஐந்து சுற்றுப் பின்னலும், முத்திரையுள்ள கொளுக்கியுமே.

மரத்திற் பயன்படுத்தும் முறை

ஏறும்பொழுது கயிற்றை மரத்தைச் சுற்றிப் போட்டு, ஓரடி ஒன்றரை அடியாக மேலே தட்டி நகர்த்திச் செல்க. கயிறு எப்பொழுதும் இடுப்புக்கு மேலே இருக்கட்டும். ஆயினும் கிளையற்ற தென்னையிலும் பனையிலும் கால் வழுவினால், ஒருமுறை சுற்றிய கயிறு மரத்தோடு கீழே வழுக்கிச் செல்லக்கூடும். ஆகவே ஏறும்பொழுது இதனையே முழுதும் நம்பற்க. தளைநாரையோ ஏறும் பொறியையோ முறையாகப் பயன்படுத்துக.

வேலை செய்யும் உயரத்தை அடைந்ததும் கயிற்றை மரத்தை இருமுறை சுற்றிப் போட்டு இறுக்கிக்கொள்க. தென்னந் தண்டின் சுற்றளவு ஒரு மீற்றர் அளவாகையால் 4 மீற்றர்க் கயிறு இதற்குப் போதும். இரு சுற்று மரத்தை நன்றாகப் பற்றும். தென்னையிற் கயிற்றை வட்டுக்குக் கீழே தண்டைச் சுற்றியே கட்டுக. பட்டையின் அடியிற் கட்டுதல் ஆபத்து. முதிர்ந்த பட்டை முன்னறிவிப்பின்றிக் கழன்று விழும்.

பலா, மா போன்ற கிளை மரங்களிற் கிளையொன்றைக் கடக்கும்பொழுது, இரண்டாம் கயிற்றைக் கிளைக்கு மேலே கட்டிய பின்னரே முதற் கயிற்றைக் கழற்றுக. ஒரு கணமேனும் கயிறின்றி நிற்றல் கூடாது. இரண்டு கயிறு வேண்டும் என்றதன் காரணம் இதுவே.

கத்தி அல்லது வாள் கொண்டு தறிக்கும்பொழுதும் இரண்டு கயிறுகளையும் கட்டுக. இறுகி நிற்கும் நைலோன் கயிறு கத்தியின் ஒரு தொடுகையில் அறும். பொறிவாளைக் கொண்டு மரத்தின்மேல் நின்று தறிப்பதற்கு இக்கயிறு போதாது. உள்ளே உருக்குக் கம்பி வைத்துப் பின்னிய கயிறும் முறையான பயிற்சியும் வேண்டும். அவ்வேலையை அதிற் பயின்றவரிடம் விடுக.

பிடிமுடிச்சைக் கைக்குள் அடக்கிப் பற்றிக்கொண்டு நிற்கற்க. வழுவும்பொழுது கை அதனைத் தள்ளிக்கொண்டே செல்லுமாகையால் முடிச்சு இறுகாது.

கரையோரத்துக் கள்ளிறக்குவோர் மரங்களுக்கிடையே கட்டிய தும்புக் கயிற்றிற் காப்புக் கயிற்றைக் கொளுவி நம்பியிருத்தல் ஆகாது. மழையிலும் வெயிலிலும் கிடந்த தும்பு வீழ்பவரின் பாரத்தைத் தாங்குமென எவரும் உறுதி கூற இயலாது. ஒவ்வொரு மரத்தை அடைந்ததும் தண்டிலேயே கட்டுக.

ஏறுவதற்கு எளிதென்று தென்னந் தண்டிற் படி வெட்டுவதும், ஆணியுள்ள காலணி கொண்டு குத்துவதும் மரத்துக்குக் கேடு. காயத்தின் வழியே செவ்வண்டு முட்டையிட்டு, அதன் புழுக்கள் தண்டைக் குடைந்து மரத்தை அழிக்கும். தறித்து வீழ்த்தவுள்ள மரத்தில் மட்டும் ஆணிக் காலணியைப் பயன்படுத்தலாம்.

நகரத்து வளவுகளிற் கவனிக்க வேண்டியவை

கொழும்பில் மரத்துக்கும் மின்கம்பிக்கும் இடையே பல இடங்களில் ஒரு கை நீளமே உண்டு. கம்பிக்கு மூன்று மீற்றருக்குள் உள்ள மரத்தில், மின்சாரம் நிறுத்தப்பட்டதை மின் வழங்கும் அலுவலகத்தார் வந்து உறுதி செய்யும்வரை ஏறற்க. ஈரமான கயிறும் பச்சை ஓலையும் மின்சாரத்தைக் கடத்தும்.

வெள்ளவத்தையிற் கடலோரமாகவுள்ள வளவுகளில் உப்புக் காற்றினால் உருக்குக் கொளுக்கியின் வில் துருப்பிடித்து, கதவு முழுதும் மூடாமல் நிற்பதுண்டு. அங்கே வேலை செய்தபின் கொளுக்கிகளை நன்னீரிற் கழுவித் துடைத்து, கீலில் ஒரு துளி எண்ணெய் விடுக. எண்ணெய் கயிற்றிற் படாதிருக்கட்டும்.

சித்திரை மாதத்திலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும் பிற்பகலில் இடி மின்னலுடன் மழை பெய்தல் வழக்கம். மரவேலையைக் காலையில் முடித்துக்கொள்க. பாசி படர்ந்த ஈரத் தண்டில் ஏறற்க. குளவிக் கூடும் முசுறுக் கூடும் உண்டா எனக் கீழிருந்தே நோக்குக. குளவி கொட்டிய பதற்றத்திற் கயிற்றைக் கழற்றுதல் உயிருக்கே ஆபத்து.

தனியே ஏறற்க

கீழே ஒருவர் எப்பொழுதும் நிற்றல் வேண்டும். அவர் தேங்காய் விழும் எல்லைக்கு அப்பால் நின்று, ஏறியவரைப் பார்த்தவண்ணம் இருக்கட்டும். உணர்வற்று அல்லது அசைவற்றுப் பட்டியில் தொங்குபவரின் காலிலே இரத்தந் தேங்கும். அரை மணி நேரத்துக்குள்ளேயே உயிராபத்து நேரலாம். ஆகவே, ஏறுபவர் காலை ஊன்றி நிற்பதற்கான கயிற்று வளையம் ஒன்றைப் பட்டியிற் கட்டிச் செல்க. தொங்க நேர்ந்தால் அதில் மாறி மாறி மிதித்துக் கால்களை அசைக்க. ஏணி ஒன்றும் மேலதிகக் கயிறு ஒன்றும் மரத்தடியில் ஆயத்தமாயிருக்கட்டும். விபத்து நேரின் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வருவிக்க. முள்ளந்தண்டில் அடிபட்டவரைத் தூக்கி உட்கார வைக்கற்க.

பேணுதலும் கழித்தலும்

நெல், மரக்கறி செய்கை பண்ணும் வீடுகளிற் களைநாசினி, பூச்சிநாசினி, உரம் ஆகியவை வைக்கும் அறையிலேயே கயிற்றையும் எறிந்து வைத்தல் வழக்கம். இது தகாது. அமிலம் நைலோனை அரிக்கும். வாகன மின்கலத்தின் ஆவி பட்டாலே போதும். சுண்ணாம்பு, சீமெந்து போன்ற காரப் பொருள்கள் பொலியெஸ்தரைக் கெடுக்கும். இரண்டும் கண்ணுக்குத் தெரியாமலே நிகழும். கயிற்றைத் தனிப் பையிலிட்டு, எலி எட்டாத இடத்தில், வெயில் படாமல் தூக்கி வைக்க. பலாப்பால் ஒட்டினால் அவ்விடம் விறைத்துப் பிடிமுடிச்சு சரியாக இறுகாது. மென்சவர்க்காரம் கலந்த குளிர்நீரிற் கழுவி நிழலில் உலர்த்துக.

ஏறுமுன் ஒவ்வொரு முறையும் கயிற்றை ஒரு முழம் ஒரு முழமாகக் கைக்குள் விட்டுப் பார்க்க. முறுக்கைச் சற்றுத் திருப்பிப் புரிகளின் உட்பக்கத்தையும் நோக்குக. பின்வருவனவற்றுள் ஒன்று காணப்படினும் அக்கயிற்றைக் கழித்துவிடுக:

வெட்டுப்பட்ட அல்லது மெலிந்த புரி, புரிகளுக்கிடையே தூள், உருகிப் பளபளத்த இடம், வெளிறி விறைத்த பகுதி, இளகிய பின்னல், மருந்து அல்லது அமிலக் கறை.

ஒருமுறை வீழ்பவரைத் தாங்கிய கயிறு புதியதாகத் தோன்றினும் கழிக்கப்பட வேண்டியதே. அடிக்கடி பயன்படும் கயிற்றை ஆண்டுக்கொரு முறையும், பிடிமுடிச்சுச் சிறுகயிற்றை அதனினும் விரைவாகவும் மாற்றுக. கழித்த கயிற்றை இரண்டு மூன்று துண்டாக வெட்டிய பின்னரே வேறு தேவைக்குக் கொடுக்க. வெட்டாது வைத்தால் அதனை எடுத்துக் கட்டிக்கொண்டு இன்னொருவர் மரமேறுவார்.

கூலிக்கு ஆள் அமர்த்துவோர்க்கு

நீங்கள் ஏறாது பிறரை ஏற்றுபவராயின், கயிறும் பட்டியும் உங்கள் வீட்டிலேயே இருத்தல் நன்று. நாட்கூலிக்கு வருபவர் இவற்றைத் தாமாக வாங்குவார் என எதிர்பார்த்தல் பொருந்தாது. ‘பழகிய கைக்குக் கயிறு வேண்டாம்’ என்று அவர் மறுத்தாலும் வற்புறுத்துக. நீண்ட காலம் வீழாது ஏறியவர்க்கும் ஈரப் பாசியும் கழன்ற பட்டையும் ஒன்றுபோலவே வழுக்கும். கயிறு கட்டுவதனாற் செல்லும் நேரத்துக்கும் சேர்த்தே கூலி கொடுக்க. மரத்தின் எண்ணிக்கையைக் கொண்டு கூலி பேசினால் அவர் விரைவுக்காகக் கயிற்றைத் தவிர்ப்பார்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. மிதக்கும் கயிறும் தும்புக் கயிறும் உயிர்க் காப்புக்கு ஆகா.

2. கயிற்றை நீங்கள் பின்னலாம். பட்டியையும் கொளுக்கியையும் வாங்குக.

3. கண்ணியிற் பின்னல் ஐந்து சுற்று. பிடிமுடிச்சில் ஆறு சுற்று.

4. தளர்வு இரண்டு அடிக்கு மேற்படாதிருக்கட்டும்.

5. ஒரு கயிறு கட்டியபின்னரே மறு கயிற்றைக் கழற்றுக.

6. கீழே ஆளின்றி ஏறற்க. மின்கம்பிக்கு அருகே ஏறற்க.

கண்ணி பின்னுதலை முதன்முறை செய்வோர், பழைய கயிற்றுத் துண்டொன்றில் மூன்று நான்கு முறை பழகிய பின்னரே புதிய கயிற்றிற் கை வைக்க. மீன்பிடித் தொழிலிற் பழகியவர் ஊரில் இருப்பின் அவரிடம் பின்னற் பழக்கத்தைக் கேட்டறிதல் நன்று. பயிருக்கும் மரத்துக்கும் உரிய ஐயங்களுக்கு அண்மையிலுள்ள விவசாயப் போதனாசிரியரை அணுகுக. செய்த கயிற்றை மரத்தடியிற் சோதித்துப் பார்த்த பின்னரே முதல் முறையாக மேலே செல்க.